பூஜ்ஜியத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம்

அக்காவுக்கு மெமோ வந்திருக்கிறது என்று கேட்டதுமே குற்றவாளி யார் என்பது சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோசனம்? குற்றவாளி உள்ளங்கை அகலத்தில், பச்சை நிறத்தில், ஒரு கம்ப்யூட்டருக்குள் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு வாய் கிடையாது. அதன் சார்பாகப் பேசுவதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் சின்னவளேதான்.

அக்காவுக்கு ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை. பதினோரு வருடமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அழுகிறவர்களிடம் கதவு எண் கேட்கிறாள். மெமோவில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, நான்கு மாதத்தில் இருநூற்றுப் பதினொரு அழைப்புகள் பேச்சு முடியும் முன்பே துண்டாகியிருக்கின்றன. நெட்வொர்க்கில் இழப்பு பூஜ்ஜியம் என்று திரை சொல்வதால், துண்டித்தது தாங்களே என்று ஏன் கருதக்கூடாது? இரண்டு, அப்படித் துண்டான அழைப்பாளர்களைச் சொந்தக் கைபேசியிலிருந்து அனுமதியில்லாமல் திரும்பக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இதற்கு என்ன பதில்? விசாரணைக்குப் பதினான்கு வாரம் கழித்து ஒரு தேதி போட்டிருந்தார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கும் அழைப்புகள் துண்டாகத்தான் செய்தன. அவர்கள் அதைத் ‘தவறான எண்’ என்று குறித்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள். அக்கா மட்டும் ‘பாதியில் போய்விட்டது’ என்று குறித்தாள். போதாக்குறைக்கு ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் போனது, கடைசியாகக் காதில் விழுந்த சொல் என்ன என்று எழுதினாள். தேநீர் இடைவேளையில் வராந்தாவில் நின்று ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வந்ததா என்று கேட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி வந்து சேர்வதற்கு வசதியாக நோட்டுப் போட்டு வைத்திருந்தவள் அக்கா ஒருத்திதான்.

“வேல போனா போகட்டும்டி. ஆனா நான் ஃபோன வெச்சேன்னு எழுதியிருக்கான் பாரு. ஒருத்தர் மூச்சு விட முடியலன்னு சொல்லும்போது நான் வெச்சேனாம்” என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்து சின்னவள் கேட்டது அதுதான் முதல் முறை.

மையத்துக்கு வரும் குரல்களெல்லாம் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, ஓர் அதிவேக நெட்வொர்க் கார்டு வழியாகத்தான் உள்ளே வருகின்றன. அந்தக் கார்டைச் செய்வது சின்னவளின் கம்பெனி. கார்டுக்கும், கம்ப்யூட்டரின் உயிர்நாடியான கர்னலுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற டிரைவர் என்னும் நிரலை எழுதியவள் சின்னவள். கூட்டம் நெருக்கும்போது கார்டுக்குள் இருக்கும் வரிசை நிரம்பிவிடும். நிரம்பினால், அடுத்து வரும் துண்டுகளைக் கார்டு சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். எத்தனை போட்டோம் என்று நேர்மையாக எண்ணியும் வைத்துக்கொள்ளும்.

வம்பு என்னவென்றால், அதை யாரும் கேட்பதில்லை. கர்னல் கார்டிடம் என்னென்ன கேட்கலாம் என்பதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் ஏழு கட்டங்கள். ஏழாவது கட்டம், ‘உள்ளே வந்த பிறகு தொலைந்தவை எத்தனை’ என்று கேட்கும். உள்ளே வந்த பிறகு எதுவும் தொலைவதில்லை, ஆகவே பூஜ்ஜியம். வாசலிலேயே விழுந்து செத்தவை எத்தனை என்று கேட்கக் கட்டம் கிடையாது. வீடு பற்றி எரிகிறது என்று ஓடி வந்தவரிடம் கதவு எண்ணையும் வாசல் பார்த்த திசையையும் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பிவைப்பது போன்ற ஏற்பாடு இது.

கார்டுக்குள் இருக்கும் எண்ணை நேரே படித்துக் காட்டுகிறேன் என்று சின்னவள் மையத்துக்குக் கடிதம் எழுதினாள். கர்னல் சொன்னால்தான் அது எண், மற்றதெல்லாம் வதந்தி என்று பதில் வந்தது. சரி, வரிசையையாவது கொஞ்சம் நீட்டிவிடுங்கள், ஒரு நிமிட வேலை என்று எழுதினாள். இழப்பு பூஜ்ஜியமாக இருக்கும் இயந்திரத்தில் கை வைக்க விதியில்லை என்று அதற்கும் பதில் வந்தது. இனி ஒரே வழிதான். படிவத்தில் எட்டாவதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். படிவத்தைக் காப்பதற்கென்றே கர்னல் இடைமுகப் பேரவை என்று ஒன்று இருந்தது.

சின்னவள் சாதாரணக் கம்பெனி ஊழியர். எட்டாவது கட்டத்தை நாற்பது வரியில் எழுதி, ஏன் வேண்டும் என்று பணிவாக ஒரு பக்கம் விளக்கி, திங்கட்கிழமை காலை பேரவைக்கு அனுப்பினாள். நல்ல காரியத்தை யார் வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை பதில் வந்தது. பேரவையில் இடைவெளிகளை மட்டும் பார்ப்பதற்கு ஒருவர் இருந்தார். நிரல் என்ன செய்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை மட்டும்தான் படிப்பார். இருபத்தேழாம் வரியின் கடைசியில், யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு வெற்றிடம் இருப்பதாகவும், அது தம் மனத்தை மிகவும் புண்படுத்தியதாகவும் அவர் எழுதியிருந்தார். விளக்கக் கடிதத்தில் ஒரு வரி எழுபத்திரண்டு எழுத்தைத் தாண்டியதையும் சுட்டிக்காட்டியிருந்தார். கடிதத்தில் ஆம்புலன்ஸ் என்ற சொல் மூன்று இடத்தில் வந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் பதிப்பு அனுப்பினாள். நிரலின் தொடக்கத்தில் வரும் அறிவிப்பு வரிகள் நீளமானது மேலே, குட்டையானது கீழே என்று படிப்படியாக இறங்க வேண்டும் என்பது பேரவையின் வழக்கம். ஏன் என்று கேட்டால், அப்படித்தான் இறங்கி வந்திருக்கிறது என்பார்கள். சின்னவள் அடிக்கோல் வைத்து அளந்துதான் அனுப்பியிருந்தாள். ஆனால் இரண்டு வரிகள் ஒரே நீளத்தில் அமைந்துவிட்டன. எது மேலே, எது கீழே? பேரவை இரண்டாகப் பிளந்தது. மூத்த வரிக்கே முதலிடம் என்றார்கள் ஒரு சாரார். அகரவரிசைதான் நீதி என்றார்கள் மறு சாரார். தொண்ணூற்று நான்கு கடிதங்கள் போய் வந்தன. நடுவில் ஒருவர் கோபித்துக்கொண்டு பேரவையிலிருந்தே விலகினார். அவருக்கு வழியனுப்பு உரைகள் ஆறு. சின்னவள் ஒரு வரியில் ஓர் எழுத்தைக் கூட்டி மூன்றாம் பதிப்பை அனுப்பியபோது, ஒரு நல்ல விவாதத்தைப் பாதியில் கெடுத்துவிட்டதாக இரு சாராரும் அவளைக் கண்டித்தார்கள்.

அதற்கப்புறம் மௌனம். ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். நினைவூட்டிக் கேட்டபோது விதி ஏழை எடுத்துக் காட்டினார்கள். பேரவை பதினான்கு நாள் மௌனமாக இருந்தால் அது மறுப்பு. பேரவையின் கேள்விக்கு மற்றவர்கள் ஏழு நாள் மௌனமாக இருந்தால் அது ஒப்புதல். இரண்டு மௌனத்துக்கும் உள்ள வேறுபாடு, யார் வாய் மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான்காம் பதிப்பு பெயர்க் குழுவிடம் போய்ச் சிக்கியது. ‘வாசலில் விழுந்தவை’ என்று கட்டத்துக்குச் சின்னவள் பெயர் வைத்திருந்தாள். பெயர்க் குழுவின் தலைவி தொலைபேசியிலேயே கூப்பிட்டு, மிகுந்த அன்போடு பேசினார்.

“விழுந்தவைன்னு சொன்னா, யாரோ கை தவறி விட்டாங்கன்னு ஒரு அர்த்தம் வருது பாருங்க. படிக்கிறவங்க மனசு கஷ்டப்படும். ‘இன்னும் வந்து சேராதவை’ன்னு வெச்சுக்கலாமா?”

“அது வந்தே சேராதுங்க. அழிஞ்சு போச்சு.”

“அப்படி அவநம்பிக்கையா பேசக்கூடாதும்மா” என்றார் தலைவி.

ஐந்தாம் பதிப்பில் அது ‘இன்னும் வந்து சேராதவை’ ஆயிற்று. ஆறாவதில் ‘வருகையைத் தள்ளிவைத்தவை’. ஏழாவதில் ‘வேறு வழி தேர்ந்தெடுத்தவை’. அதைப் பார்த்த அக்கா, மூச்சுத் திணறிக்கொண்டு கூப்பிட்டவர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தாரா என்று கேட்டாள். அக்கா நோட்டைப் பிரித்து அன்றைய பக்கத்தைக் காட்டினாள். காலை ஒன்பது பதினேழு, ‘மாடிப்படி’. பத்து ஐம்பத்திரண்டு, ‘குழந்தை வாயில’. பிற்பகல் இரண்டு நான்கு, ‘ஹலோ’.

எட்டாம் பதிப்பில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பழைய நிரல்களைக் காப்பதற்குப் பேரவையில் ஒரு காவலர் உண்டு. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிய நிரல் ஒன்று அந்தப் படிவத்தை ஏழு கட்டம் வரை படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுமாம். எட்டாவதாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் அதற்கு என்ன ஆகும்? எழுதியவர் யார் என்று தெரியாது, எங்கே ஓடுகிறது என்று தெரியாது, ஓடுகிறதா என்றே தெரியாது. ஆனால் அதன் தூக்கம் கெடக்கூடாது. அதைத் தேட மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழு நான்கு வாரம் பல இடங்களில் தேடியது. கடைசியில் அந்த நிரல், பேரவைக் கட்டடத்தின் வரவேற்பறையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. அதில் ‘இதுவரை இழப்பு’ என்று எழுதி, அதன் கீழே சிவப்பு விளக்குகளால் ஒரு பெரிய பூஜ்ஜியம். தினமும் அதைக் கடந்துதான் குழு தேடப் புறப்பட்டிருக்கிறது.

அந்தப் பூஜ்ஜியத்துக்கு ஒன்றும் ஆகாது என்று எழுத்து மூலம் உறுதி கொடுத்துச் சின்னவள் ஒன்பதாம் பதிப்பை அனுப்பினாள். விசாரணைக்கு இன்னும் மூன்றே வாரம். பேரவையின் பருவக் கூட்டத்துக்கு நேரில் வரும்படி அழைப்பு வந்தது.

கூட்ட அறை நீளமாக இருந்தது. மேசை மேல் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு பெயர்ப்பலகை. சின்னவளுக்கு வைத்திருந்த பலகையில் ‘பதிப்பு ஒன்பது’ என்று எழுதியிருந்தது. தலைமை நாற்காலியில் மூத்த பராமரிப்பாளர். படிவத்தின் முதல் கட்டத்தை எழுதியவர் அவர்தான் என்பதால் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றார்கள். கடைசியாக நிரல் எழுதிப் பதினொரு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் அடுத்தவர் எழுதுவதைத் தடுக்கும் பொறுப்பு அவருக்கு நிறைய வந்துவிட்டது.

சின்னவள் எழுந்து சொன்னாள். கார்டு எண்ணுகிறது, கர்னல் கேட்பதில்லை, நடுவில் ஆட்களின் குரல் போகிறது. ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. இடைவெளிக்காரர் அவள் மூச்சு விட்ட இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அம்மா, உங்க அக்கறை புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. பதினெட்டு வருஷமா இந்தப் படிவத்துல ஒரு இழப்பு கூடப் பதிவானதில்ல. இது சும்மா வந்த பேரா? பதிவு பண்ண இடமே வைக்காம கட்டிக் காப்பாத்தியிருக்கோம். உலகத்துல எத்தனையோ பேரு பிழையைத் திருத்தறாங்க. நாங்க பிழைக்கு நிக்க எடமே குடுக்கல. அதுதான் வடிவமைப்பு.”

மேசையைத் தட்டினார்கள். பெரியவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

“இப்ப நீங்க ஒரு கட்டம் போட்டுட்டா என்ன ஆகும்? நாளைக்கே அதுல ஏதாவது ஒரு எண் வரும். நேத்து வரைக்கும் இல்லாத இழப்பு இன்னைக்கு வந்துடுச்சுன்னு ஜனங்க பயப்படுவாங்க. அப்ப அந்த இழப்புக்குக் காரணம் யாரு? கட்டம் போட்டவங்கதானே?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைச் சின்னவள் கேள்விப்பட்டிருக்கிறாள். மறைத்ததோடு நில்லாமல், பூசணிக்காயைக் காட்டுகிறவள்தான் அதை விளைவித்தவள் என்று சொல்வதை அன்றைக்குத்தான் கேட்டாள். ஆட்கள் கூப்பிடுகிறார்கள், குரல் பாதியில் போகிறது, எங்கள் அக்காவுக்கு வேலை போகப் போகிறது என்று மறுபடியும் ஆரம்பித்தாள். தனிப்பட்ட காரணங்களை அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் பெயர்க் குழுத் தலைவி, அன்பாக.

பிறகு பேரவை கூடிப் பேசி, இதுவரை எந்தக் கோரிக்கைக்கும் காட்டாத தாராளத்தைக் காட்டியது. எட்டாவது கட்டம் உண்டு. சின்னவளுக்கு ஒரு கணம் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பெரியவர் தொடர்ந்து வாசித்தார். அந்தக் கட்டம் ‘எதிர்காலத்துக்கு ஒதுக்கப்பட்டது’ என்ற வகையில் சேரும். ஒதுக்கப்பட்ட கட்டம் எதுவானாலும் அதில் பூஜ்ஜியம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது பேரவையின் மூல விதி. பூஜ்ஜியம் அல்லாத எண் எதுவும் ஏற்கப்படாது, திரையில் காட்டப்படாது. கட்டம் கேட்டீர்கள், கொடுத்துவிட்டோம்; இழப்பு கூடாது என்றோம், அதுவும் காப்பாற்றப்பட்டது; இரு தரப்புக்கும் வெற்றி.

விதி மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் காவல் வரிகளை மட்டும் வேறு யாரிடமும் ஒப்படைக்கப் பெரியவருக்கு மனமில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு தாமே எழுதுவதாக அறிவித்தார். அறை எழுந்து நின்றது. அவர் மடிக்கணினியைத் திறந்து இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதி முடிக்கும் வரை யாரும் உட்காரவில்லை. இரண்டு வரிகளும் படிப்படியாக இறங்கின.

மறுநாள் அலுவலகத்தில் டீம் லீடர் சின்னவளைத் தட்டிக்கொடுத்தார். பேரவையில் ஒரு கட்டம் வாங்குவதென்றால் சாமானியமா என்றார். டிரைவரில் அந்தக் கட்டத்துக்கு நேராகப் பூஜ்ஜியம் என்று எழுதிக் கொடுத்துவிடு, வம்பு முடிந்தது என்றும் சொன்னார். சின்னவள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். முன்பு திரையில் ஒரு பூஜ்ஜியம்தான் இருந்தது, நான் பாடுபட்டு அதை இரண்டாக்கியிருக்கிறேன், விசாரணையில் உனக்கு எதிராக இரண்டையும் காட்டுவார்கள் என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா குழாயை மூடிவிட்டு வந்து, ஈரக் கையோடு அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு, பதினோரு வருடமாக முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

“பூஜ்ஜியம் இல்லாம வேற எண்ணு வந்தா என்ன பண்ணுவாங்களாம்?”

“ஏத்துக்க மாட்டாங்க. திட்டுவாங்க.”

“எங்க வந்து திட்டுவாங்க? ஃபோன்லயா?”

“இல்லக்கா, கம்ப்யூட்டர்லயே லாக்னு ஒரு பதிவேடு இருக்கு. அதுல எழுதுவாங்க. இத்தனை மணி இத்தனை நிமிஷத்துக்கு, இந்தக் கார்டு, இந்த எண்ணைக் கொண்டாந்துச்சு, விதிமீறல்னு…”

சின்னவள் பாதியில் நிறுத்தினாள். தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தாள். ஓடிப் போய்ப் பெரியவரின் இரண்டு வரிகளைத் திறந்து மறுபடி படித்தாள். குற்றம் செய்த கார்டு தப்பிவிடக் கூடாதே என்ற கவலையில், நேரம், கார்டின் பெயர், அது கொண்டு வந்த எண் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பதியச் சொல்லியிருந்தார் அவர். அதுவும் ஒவ்வொரு முறையும். அதன் தலையில் பேரவையின் முத்திரை வேறு. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

டீம் லீடர் சொன்னபடி டிரைவரில் பூஜ்ஜியம் என்று எழுத வேண்டிய இடத்தில், கார்டு உண்மையில் எண்ணியதை அப்படியே கேட்டு வாங்கிக் கொடுக்கும்படி சின்னவள் எழுதினாள். இதற்கு நாளை வேலை போகலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பேரவைக்கு அனுப்பிவிட்டாள். அதைச் சரிபார்த்த இடைவெளிக்காரர், வெற்றிடங்கள் குற்றமற்றவை என்று சான்றளித்தார். முத்திரை விழுந்தது. டிரைவரோடு சேர்ந்து முத்திரை விழுந்த கர்னலை அழைப்பு மையம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிக்கொள்ளும். அந்த மாதமும் ஏற்றிக்கொண்டது.

பத்தாம் தேதி விசாரணை. அக்கா இஸ்திரி போட்ட சீருடையில், மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். நிபுணர் சாட்சியாகச் சின்னவள் பக்கத்தில். விசாரணை அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். ஏழாம் கட்டம் பூஜ்ஜியம். எட்டாம் கட்டம் பூஜ்ஜியம். இழப்புக்கென்றே தனியாகக் கட்டம் போட்டும் இழப்பில்லை, இனி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

பேரவையின் முத்திரையோடு வந்திருக்கும் புகார்களையும் பார்த்துவிடலாமா என்று சின்னவள் பணிவாகக் கேட்டாள். முத்திரை என்றதும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பதிவேட்டைத் திறந்தார்கள். ஒன்பது நாளில் ஏழாயிரத்துச் சொச்சம் புகார்கள். அதிகாரிக்கு வியர்த்தது.

“நோட்டுல இருக்கறத நீங்க வாசிங்க” என்றார் அக்காவிடம். “நான் இதுல பாக்கறேன்.”

அக்கா வாசித்தாள். இரண்டாம் தேதி, காலை எட்டு நாற்பத்தொன்று, கடைசியாகக் கேட்டது ‘நெஞ்சுல’. அதிகாரி விரலால் தடவிக்கொண்டே வந்தார். எட்டு நாற்பத்தொன்று, விதிமீறல், கார்டு கொண்டு வந்த எண் 1,406. அதே நாள், பதினொன்று பத்து, ‘அம்மா எந்திரிக்க’. பதினொன்று பத்து, விதிமீறல், 988. மூன்றாம் தேதி, நான்காம் தேதி. இருபத்து மூன்று அழைப்புகள். இருபத்து மூன்றுக்கும் அதே நிமிடத்தில் ஒரு புகார். வாசிக்க வாசிக்க அக்காவின் குரல் உறுதியாகிக்கொண்டே போனது. சின்னவள் தன் பத்து விரலையும் கோத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் அத்தனை பேருடைய பாதிச் சொற்களும் ஒவ்வொன்றாக வந்து நின்ற மாதிரி இருந்தது.

அதிகாரி வெகுநேரம் யோசித்தார். நெட்வொர்க்கில் இழப்பு உண்டு என்று எழுத முடியாது. திரை பூஜ்ஜியம் என்கிறது. பேரவையின் புகாரைப் பொய் என்றும் எழுத முடியாது; முத்திரை இருக்கிறது. கடைசியில் அவர் முகம் தெளிந்தது. அழைப்புகளைத் துண்டித்தவர் அக்கா அல்ல. விதியை மீறி ஏழாயிரம் முறை பூஜ்ஜியமல்லாத எண்ணைக் கொண்டு வந்த கார்டு. முதல் குற்றச்சாட்டிலிருந்து அக்கா விடுவிக்கப்படுகிறாள். அழைப்பே முழுமையாக வந்து சேராததால், திரும்பக் கூப்பிட்டதை இரண்டாம் அழைப்பாகக் கருத இயலாது, ஆகவே இரண்டாம் குற்றச்சாட்டும் நிற்காது. கார்டுக்கு மெமோ.

மெமோவை இயந்திர அறைக்கு எடுத்துப் போய், கார்டு இருக்கும் பெட்டியின் மேல் டேப் போட்டு ஒட்டினார்கள். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. கார்டு ஒன்றும் சொல்லவில்லை. பேரவையிடம் கருத்துக் கேட்டார்கள். விதி ஏழின்படி மௌனம் ஒப்புதல் என்று பெரியவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். தாம் எழுதிய இரண்டு வரிகள் பிடித்துக் கொடுத்த முதல் குற்றவாளி என்பதில் அவருக்குப் பெருமை. அதைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றியதாகவும் கேள்வி. சின்னவள் விதிமீறும் டிரைவரை எழுதினாளா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வெற்றிடங்கள் குற்றமற்றவை என்று சான்று இருந்ததே.

தண்டனை தர வேண்டிய நாளில் அதிகாரிக்குக் குழப்பம் வந்துவிட்டது. சம்பளத்தைப் பிடிக்க முடியாது, இடமாற்றமும் செய்ய முடியாது. நிபுணர் என்ற முறையில் சின்னவளைக் கூப்பிட்டார்.

“நெட்வொர்க் கார்டுக்கு வலிக்கிற மாதிரி தண்டனை ஏதாவது இருக்காம்மா?”

சின்னவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வாரப் பயிற்சியில் அவள் முகம் பேரவை முகமாகவே பழகியிருந்தது.

“இருக்குங்க. அதோட வரிசைய நாலு மடங்கு நீட்டிடுங்க. வர்றதையெல்லாம் அதுவே சுமக்கட்டும். ஒண்ணைக் கூடக் கீழ போட விடாதீங்க.”

“ரொம்பக் கடுமையா இருக்காதா?”

“ஏழாயிரம் தடவங்க” என்றாள் சின்னவள்.

அதிகாரி பெருமூச்சு விட்டு எழுதிக் கொடுத்தார். தண்டனையை நிறைவேற்ற ஒரு நிமிடம் ஆயிற்று.

பேரவை வரவேற்பறையில் அந்தச் சிவப்புப் பூஜ்ஜியம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. இந்த முறை அது உண்மை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

தண்டனை நிறைவேறிய மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு, எல்லா நாற்காலிகளிலும் விளக்கு மின்னிக்கொண்டிருந்த நெருக்கடியான நேரத்தில், அக்காவின் காதில் ஒரு பெண் குரல் அழுதுகொண்டே வந்தது. அக்கா பழக்கத்தில் நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்து, எந்தச் சொல்லில் போகப்போகிறதோ என்று காத்திருந்தாள். அந்தக் குரல் போகவில்லை. “அப்பா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாரு, பேச்சு இருக்கு, இடது கால அசைக்க முடியல, மூணாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யுது, கதவு தொறந்தேதான் இருக்கு, சீக்கிரம் வாங்க” என்று ஒரு சொல் விடாமல் கடைசி வரை சொல்லி முடித்தது.

அக்கா நோட்டை மூடினாள். “வந்துட்டே இருக்கோம்மா. நீங்க லைன்லயே இருங்க” என்றாள்.